மாத்திரையா, நடையா? எடை போட்டுப் பார்த்த கணக்கு



மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் விலை கேட்பார்கள், தரம் கேட்பார்கள். இப்போது வைத்தியமும் கேட்கிறார்கள். "அண்ணாச்சி, சுகருக்கு எந்த மாவு நல்லது?" "கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாதுதானே?" "மாத்திரையை விட்டுவிட்டு இந்தப் பொடியைச் சாப்பிடலாமா?" கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமும் தயங்காமல் பதில் சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளர் நம் வார்த்தையை நம்பி வாங்கிப் போகிறார்.

கேட்கிறவருக்கு இருக்கும் வியாதி பதில் சொல்கிற நமக்கும் இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் காபி தருகிற பையன் "சீனி இல்லாமல் எத்தனை?" என்று கேட்கும்போது எத்தனை கைகள் உயர்கின்றன என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்படி வரை வந்துவிட்டது என்ற நிலையில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடிப் பேர்.

இந்த வாசல்படிக்காரர்களுக்கு மாத்திரை கொடுப்பதா, நடக்கச் சொல்வதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா? இந்தக் கேள்வியை உலகில் பல இடங்களில், நம் சென்னையிலும், முறையாகத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு மருத்துவப் பத்திரிகைகளோடு நின்றுவிட்டது. எடை, சதவீதம், செலவு, லாபம் என்று நமக்கு நன்கு புரியும் பாஷையில் உள்ள கணக்கு அது. அதை அறிந்தால் நம் உடம்பும் தப்பும், கடையின் நாணயமும் தப்பும். அதனால்தான் வணிக இதழில் வைத்தியம் பேசத் துணிந்தோம்.

ஓட்டுநரும் நடத்துநரும்

முதலில் ஒரு பழைய செய்தி. லண்டன் நகரத்து மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவர். நடத்துநர் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பவர். ஒரே வண்டி, ஒரே நிர்வாகம். ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களிடமே அதிகமாகக் காணப்பட்டது.

இதைப் படித்ததும் நமக்கு நம் கடைதான் நினைவுக்கு வரும். கல்லாவில் இருக்கும் முதலாளி ஓட்டுநர். சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையன் நடத்துநர். உட்கார்ந்தே இருப்பது கெடுதல் என்று அன்றே தீர்ப்பு எழுதிவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் மோரிஸ் அவசரப்படவில்லை. 1956-ல் அவரே இன்னொரு விஷயத்தை வெளியிட்டார். நிர்வாகம் கொடுத்த சீருடைகளின் அளவைப் பார்த்தால், இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு நடத்துநர்களைவிட அதிகமாக இருந்தது. அப்படியானால் உட்கார்ந்ததால் வியாதி வந்ததா, அல்லது உடம்பு பெருத்தவர்கள் ஓட்டுநர் வேலைக்குப் போனார்களா? வெறுமனே இரண்டு கூட்டத்தைப் பார்த்து ஒப்பிடும்போது இந்தச் சந்தேகம் தீராது. வெறுந்தராசைத் தூக்கிப் பார்த்து, இரண்டு தட்டும் சமமாக நிற்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகல்லவா சரக்கை வைக்க வேண்டும்?

சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது ஏன்?

தட்டைச் சமமாக்க மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி, நமக்கு மிகவும் பழக்கமான சீட்டுக் குலுக்கல்தான். ஆயிரம் பேரைச் சேர்க்கிறார்கள். யாருக்கு மாத்திரை, யாருக்கு நடை என்பதை டாக்டரும் முடிவு செய்வதில்லை, நோயாளியும் முடிவு செய்வதில்லை. குலுக்கல் முடிவு செய்கிறது. அதனால் பருமனானவர், ஒல்லியானவர், வசதியுள்ளவர், இல்லாதவர், அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தவர், இல்லாதவர் எல்லாரும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடுகிறார்கள். பிறகு சில ஆண்டுகள் கழித்து எந்தத் தட்டு தாழ்ந்தது என்று பார்த்தால், அந்த வித்தியாசம் மருந்தாலோ நடையாலோ வந்தது என்று நம்பிச் சொல்லலாம்.

மாத்திரைக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு பிரிவுக்கு உண்மை மாத்திரை கொடுத்தால், இன்னொரு பிரிவுக்கு அதே வடிவத்தில், அதே நிறத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுப்பார்கள். சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. 'மாத்திரை போட்டுவிட்டோம்' என்ற தெம்பினால் வருகிற குணத்தையும், மருந்தினால் வருகிற குணத்தையும் இப்படித்தான் பிரித்தறிய முடியும். நடையில் இந்த வேஷம் செல்லாது. நடக்கிறவருக்குத் தான் நடப்பது தெரியாமல் போகுமா? அதனால் அங்கே முடிவைத் தீர்மானிப்பது ஆளின் வாய்ச்சொல்லாக இராமல், ரத்தப் பரிசோதனையாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

"எங்கள் தெருவில் ஒருவர் இந்தக் கஷாயம் குடித்தார், சுகர் போய்விட்டது" என்று சொல்லப்படும் சாட்சிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, கைமதிப்புக்கும் முத்திரை குத்திய படிக்கல்லுக்கும் உள்ள வேற்றுமைதான்.

தாசிங், பின்லாந்து, அமெரிக்கா

சீனத்தில் தாசிங் என்ற எண்ணெய் வயல் நகரம் இருக்கிறது. அங்கே 1986-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, வாசல்படி நிலையில் இருந்த 577 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 33 சிகிச்சை நிலையங்களை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மற்ற மூன்றில் ஒன்றுக்கு உணவுக் கட்டுப்பாடு, ஒன்றுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தால், அறிவுரையோடு விட்ட பிரிவில் 100-க்கு 68 பேர் சர்க்கரை நோயாளிகளாகிவிட்டார்கள். உணவுப் பிரிவில் 44, பயிற்சிப் பிரிவில் 41, இரண்டும் செய்த பிரிவில் 46. அதே ஆட்களை 30 ஆண்டுகள் வரை விடாமல் கவனித்து 2019-ல் வெளியிட்ட கணக்கில், ஒழுங்கு காத்தவர்களுக்கு நோய் வருவது சராசரியாக நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. இருதய நோயும் மரணமும் அவர்களிடம் குறைந்திருந்தன.

பின்லாந்தில் 522 பேரை வைத்துச் செய்து 2001-ல் வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகளில், கவனிப்பு இல்லாத பிரிவில் 100-க்கு 23 பேருக்கு நோய். உணவும் உடற்பயிற்சியும் கற்றுக்கொண்ட பிரிவில் 11 பேருக்குத்தான்.

மாத்திரையையும் நடையையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. 27 மையங்கள், 3234 பேர். முடிவு வெளியான ஆண்டு 2002. ஒரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் என்ற மாத்திரை. நம்மில் பலரின் சட்டைப் பையில் இருப்பதும் அதுதான். மூன்றாம் பிரிவுக்கு மாத்திரை கிடையாது. உடல் எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று ஆண்டுக் கணக்கில் வெற்று மாத்திரைப் பிரிவில் 100-க்கு 29 பேர், மெட்ஃபார்மின் பிரிவில் 22 பேர், நடைப் பிரிவில் 14 பேர் நோயில் விழுந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் குறித்த காலத்துக்கு ஓராண்டு முன்பே சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

இதில் நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, நோய் வரும் வேகத்தை நடை 71 சதவீதம் குறைத்திருந்தது. மாத்திரை குறைத்தது 11 சதவீதம். "வயதாகிவிட்டது, இனிமேல் நடந்து என்ன ஆகப்போகிறது?" என்று கல்லாவை விட்டு எழாத பெரியவர்கள் இந்த இரண்டு எண்களையும் கடை நாட்காட்டியில் எழுதி வைக்கலாம்.

அதே சோதனையில் தொடக்கத்தில் நான்காவதாக ஒரு பிரிவும் இருந்தது. டிரோகிளிட்டசோன் என்ற மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் அதில் இருந்தார்கள். கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் 1998-ல் அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். 2000-ல் அந்த மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்தே போய்விட்டது. ஒப்பிட்டுப் பார்க்கும் முறையினால் எது நல்லது என்று தெரிவது ஒரு பயன். எது கெடுதல் என்று தெரிவது அதைவிடப் பெரிய பயன்.

சென்னைக் கணக்கு

"வெள்ளைக்காரன் உடம்புக்குச் சரி, நம் உடம்புக்கு ஒத்து வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான பதிலையும் நம் ஊரிலேயே கண்டிருக்கிறார்கள்.

சென்னையில் டாக்டர் அம்பாடி ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் வேலைக்குப் போகும் நடுத்தர வர்க்கத்தாரில் வாசல்படி நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்து, நான்கு பிரிவாக்கிச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். வயது 35 முதல் 55 வரை. முதல் பிரிவுக்கு வழக்கமான அறிவுரை. இரண்டாம் பிரிவுக்கு உணவும் நடையும். மூன்றாம் பிரிவுக்கு மெட்ஃபார்மின். நான்காம் பிரிவுக்கு இரண்டும். நடை என்றால் மலை ஏறச் சொல்லவில்லை. தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடல் உழைப்பு உள்ளவர்களை அதை விடாமல் தொடரச் சொன்னார்கள். உணவில் சீனியை ஒதுக்கி, தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார்கள்.

மூன்று ஆண்டு முடிவைப் பாருங்கள். அறிவுரைப் பிரிவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடைப் பிரிவில் 39 பேர். மாத்திரைப் பிரிவில் 40 அல்லது 41. இரண்டும் சேர்ந்த பிரிவில் 39 அல்லது 40.

இந்த எண்களை நம்மைப் போன்ற வியாபாரிகள் மூன்று விதமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது, நம்மவர்க்கு ஆபத்து விரைவாக வருகிறது. அமெரிக்காவில் மூன்று ஆண்டில் 29 பேர் விழுந்த இடத்தில் இங்கே 55 பேர். அதிலும் அமெரிக்கச் சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நல்ல பருமன். சென்னையில் வந்தவர்கள் அவ்வளவு பருமன் இல்லை. "நான் ஒல்லிதான், எனக்கென்ன?" என்ற தைரியம் நம் ஊரில் செல்லாது.

இரண்டாவது, சதவீதம். அமெரிக்காவில் நடை 58 சதவீதம் குறைத்தது என்றும் சென்னையில் 28.5 சதவீதம்தான் குறைத்தது என்றும் எழுதியிருப்பார்கள். பாதிதானே என்று தோன்றும். தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேட்கிற நாம், எந்த விலையின் மேல் தள்ளுபடி என்றும் கேட்பவர்கள் அல்லவா? அங்கே 29 பேர் 14 ஆனார்கள். தப்பியவர்கள் 15 பேர். இங்கே 55 பேர் 39 ஆனார்கள். தப்பியவர்கள் 16 பேர். சதவீதம் பாதியானாலும் தப்பிய தலைகள் ஏறக்குறைய ஒன்றே. ஏழு பேர் மூன்று ஆண்டு ஒழுங்காக இருந்தால் அதில் ஒருவர் நோயிலிருந்து தப்புகிறார் என்பது இரண்டு நாட்டுக்கும் பொதுவான கணக்கு.

மூன்றாவது, மாத்திரையும் நடையும் தனித்தனியே ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. இரண்டையும் சேர்த்ததால் இரட்டை லாபம் கிடைக்கவில்லை. செலவையும் 2007-ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஒருவரை நோயிலிருந்து காக்க ஆன செலவு நடைக்கு 1052 டாலர், மாத்திரைக்கு 1095 டாலர், இரண்டுக்கும் சேர்த்து 1359 டாலர். கூடுதல் முதல் போட்டும் கூடுதல் வரவு இல்லாத சரக்கை எந்த வியாபாரி கொள்முதல் செய்வார்?

மாத்திரைக்கு நாம் விரோதிகள் அல்லர்

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். மேலே சொன்ன கணக்கு எல்லாம் நோய் வருவதற்கு முந்திய நிலையில் இருப்பவர்களுக்கு உரியது. நோய் வந்துவிட்டவர் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிந்தால், அது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடும்.

நோய் வந்தவர்களிடம் செய்த சோதனைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகள் 5145 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குக் கடுமையான உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். எடை குறைந்தது, சர்க்கரை குறைந்தது, மாத்திரைத் தேவையும் குறைந்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஏறக்குறைய பத்தாண்டு ஓடிய அந்தச் சோதனையை 2012-ல் நிறுத்தி, 2013-ல் உள்ளதை உள்ளபடி வெளியிட்டார்கள். தமக்குச் சாதகம் இல்லாத கணக்கையும் மறைக்காமல் பேரேட்டில் எழுதியது அவர்களுடைய நாணயம்.

பிரிட்டனில் 2017-ல் வெளியான இன்னொரு சோதனையில், நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாத 306 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை மிகக் குறைந்த அளவுத் திரவ உணவு. ஓராண்டு முடிவில் அவர்களில் 100-க்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 4 பேருக்குத்தான். ஆனால் அதெல்லாம் மருத்துவர் கண்காணிப்பில், நாள் குறித்து, ரத்தம் பார்த்துச் செய்தவை. இரண்டாம் ஆண்டில் அந்த 46 பேர் 36 ஆகவும் குறைந்தார்கள். எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது.

ஆகவே நோய் வந்தவர் மாத்திரையைத் தம் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. நடந்து, உணவைக் குறைத்து, அந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் குறைக்கலாம். வாசல்படியில் இருப்பவர் முதலில் நடக்க வேண்டும். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். இரண்டு நிலைக்கும் பொதுவாக எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளப் பரிசோதனை வேண்டும். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசுவோமா?

நம் அலமாரியில் இருப்பவை

இனி நம் தொழில் நாணயத்துக்கு வருவோம். நம் அலமாரிகளில் 'சர்க்கரை நோய்க்கு முடிவு', 'முப்பது நாளில் குணம்' என்று அச்சிட்ட பொட்டலங்கள் தொங்குகின்றன. லாப சதவீதம் நன்றாக இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதி கடனுக்கும் தருகிறார். விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

1954-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டம் கொண்டுவந்தது. எந்தெந்த வியாதிகளைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்ற அதன் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. விளம்பரம் என்றால் பத்திரிகையில் வருவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொட்டலத்தின் மேலுறையும் லேபிளும்கூட அந்தச் சட்டத்தின்படி விளம்பரம்தான். உணவுப் பொருள் என்று சொல்லித் தப்பவும் இடமில்லை. வியாதியைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளில் அச்சிடக் கூடாது என்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் விதியாக்கியிருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். மனசாட்சியைக் கேட்போம். வெந்தயம் நல்ல சரக்கு. கேழ்வரகும் தினையும் சாமையும் நல்ல தானியங்கள். அவற்றை உணவாக, தாராளமாக விற்போம். ஆனால் "இதைச் சாப்பிட்டால் மாத்திரை வேண்டாம்" என்று சொல்லி விற்க நமக்கு என்ன அதிகாரம்? கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு. அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சீனிக்கு உறவினர்களே. சர்க்கரை நோயாளிக்கு "இது ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக் கொடுப்பது எடையில் குறைப்பதைவிடப் பெரிய தவறு. எடையில் போனது ஐம்பது கிராம் சரக்கு. இதில் போவது ஒருவருடைய கண்ணாகவும் காலாகவும் சிறுநீரகமாகவும் இருக்கலாம்.

ஆகவே இனிமேல் பிரதிநிதி வந்து பொட்டலத்தை நீட்டும்போது, கழிவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்போம். எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? குலுக்கிப் பிரித்தீர்களா? சாப்பிடாத பிரிவோடு ஒப்பிட்டீர்களா? எத்தனை ஆண்டு கவனித்தீர்கள்? பதில் இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்புவோம். "அண்ணாச்சி, எது நல்லது?" என்று கேட்கிற வாடிக்கையாளரிடம், "சரக்கின் தரத்துக்கு நான் பொறுப்பு, உங்கள் சர்க்கரைக்கு டாக்டர் பொறுப்பு" என்று சொல்வோம். ஒரு நாள் வியாபாரம் குறையலாம். அந்த வாடிக்கையாளர் போக மாட்டார்.

சங்கம் செய்ய வேண்டியவை

நாம் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, இரவு பத்து மணிக்கு அடைக்கிறவர்கள். நடக்க நேரம் எங்கே என்ற கேள்வி எழும். சென்னைச் சோதனையில் கலந்துகொண்டவர்களும் வேலைக்குப் போனவர்களே. தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யத்தான் சங்கம் வைத்திருக்கிறோம். எனவே சில யோசனைகளை நிர்வாகிகளின் முன் வைக்கிறோம்.

ஒன்று: ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தை ஒட்டி, ஒவ்வொரு கிளைச் சங்கமும் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது எண் 140 முதல் 199 வரை இருப்பவர்களே வாசல்படிக்காரர்கள். முப்பது வயது கடந்த முதலாளி, கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்குபவர், கடைப் பையன் என்று அனைவரையும் சேர்க்க வேண்டும். முதலாளிக்கு மட்டும் முகாம் நடத்துவது நியாயமாகாது.

இரண்டு: கடைத்தெருவிலேயே நடைக்குழு அமைக்கலாம். கதவு திறப்பதற்கு அரை மணி முன்பு, வாரத்தில் ஐந்து நாள். ஐந்து அரை மணிகள் 150 நிமிடம். அமெரிக்கச் சோதனையில் கேட்டதும் அவ்வளவுதான். நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் ஐந்தாமவர் படுக்கையை விட்டு எழுவார்.

மூன்று: தேநீர்க் கணக்கு. தரகர் வந்தால் ஒரு டீ, பிரதிநிதி வந்தால் ஒரு டீ, லாரி வந்தால் ஒரு டீ என்று நாளைக்கு எட்டு டீ உள்ளே போகிறது. டீ ஒன்றுக்குப் பத்து கிராம் சீனி என்றால் நாளைக்கு 80 கிராம். மாதம் 2 கிலோ 400 கிராம். ஒரே ஆளின் வயிற்றில்! இத்தனை சீனியை மற்றவர்க்கு விற்றாலாவது லாபம் உண்டு. வருகிறவர்க்குச் சீனி இல்லாத டீயோ மோரோ கொடுப்பதைக் கடைத்தெருவின் வழக்கமாக்க வேண்டும்.

நான்கு: செல்பேசிச் செய்தி. விலை நிலவரமும் ஜி.எஸ்.டி. கடைசித் தேதியும் சங்கத்திலிருந்து நமக்குச் செய்தியாக வருகின்றன. அதோடு நடையையும் உணவையும் பற்றி ஒரு வரி சேர்த்தால் என்ன? இதுவும் சோதித்துப் பார்த்த சரக்குதான். தென்னிந்தியாவில் வேலைக்குச் செல்லும் 537 ஆண்களிடம் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். குறுஞ்செய்தி தொடர்ந்து பெற்றவர்களில் இரண்டு ஆண்டில் 100-க்கு 18 பேருக்கு நோய் வந்தது. பெறாதவர்களில் 27 பேருக்கு வந்தது. செய்தி ஒன்றுக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

ஐந்து: 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று அச்சிட்ட எந்தப் பொட்டலத்தையும் உறுப்பினர்கள் விற்பதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மொத்த வியாபாரிகளாகிய எங்களிடமிருந்தே இது தொடங்க வேண்டும். மண்டியில் இறங்காத சரக்கு சில்லறைக் கடைக்கு எப்படிப் போகும்?

வணிகப் பெருமக்களே! கடையைக் காப்பீடு செய்கிறோம். சரக்கை எலியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் காக்கிறோம். பூட்டுக்குப் பூட்டாக இரண்டு பூட்டுப் போடுகிறோம். அத்தனைக்கும் உரிமையாளராகிய ஆளை மட்டும் பதினாறு மணி நேரம் நாற்காலியில் விட்டுவிடுகிறோம். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக் கணக்கில் தம் உடம்பைத் தராசில் வைக்கச் சம்மதித்ததால் கிடைத்த கணக்கு இது. அவர்களில் 531 பேர் சென்னையில் நம்மோடு வாழ்ந்தவர்கள். அந்தக் கணக்குக்கு நாம் செய்யும் மரியாதை, அடுத்த பொதுக்குழுவுக்கு முன் நம் கடைத்தெருவில் ஒரு பரிசோதனை முகாமாவது நடத்துவதுதான். நிர்வாகிகள் நாள் குறிக்கட்டும். முதல் ஆளாகக் கை நீட்டி ரத்தம் கொடுக்க மூத்தவர்களாகிய நாம் முன்வருவோம்.